பையன் பாதிச் சீட்டை 'யாருமில்லை' பெட்டியில் போட்டுவிட்டான்

நெல்லைஅம்மா:
என் பையனுக்கு எட்டு வயது. தங்கச்சி பிறந்ததிலிருந்து ஒரே அடம், கடி. பள்ளியில் டஸ்டரை எறிந்து மூன்று முறை எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். போன வாரம் உளவியலாளரிடம் போனோம். அட்டையில் வரைந்த உருவங்களைப் பரப்பி, "உங்க வீட்டு ஆளுங்களை எடு" என்றிருக்கிறார். ஆச்சியை முதலில் எடுத்தானாம், என்னை மூன்றாவதாக. ஒவ்வொரு உருவத்தோடும் தபால்பெட்டி மாதிரி ஒரு சின்னப் பெட்டி. முதுகைக் காட்டி நிற்கும் 'யாருமில்லை' என்று ஓர் ஆளும் உண்டு. 'இவருக்கு என்னைப் பிடிக்கும்', 'இவர் மேல் எனக்குக் கோபம் வரும்' போன்ற சீட்டுகளைப் பொருந்துகிறவர் பெட்டியில் போட வேண்டும். என் பெட்டியில் நாலே சீட்டு. தங்கச்சி பெட்டி காலி. பாதிக்கு மேல் யாருமில்லைக்கு. அவனுக்கு எங்கள் மேல் பாசமே இல்லையா? இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

பழையகிளினிக்:
முதலில் தூங்குங்கள். பெனேயும் ஆந்தனியும் 1957இல் லண்டனில் வெளியிட்ட 'குடும்ப உறவுச் சோதனை' இது. இதில் பாஸ், ஃபெயில் கிடையாது. பொருந்தாத சீட்டும் யாருமில்லைக்குப் போகும், சொல்லப் பயமான சீட்டும் அங்கேதான் போகும். வெளியாள் முன்னால் அம்மாவைப் பற்றிக் குறை சொல்ல நம் பிள்ளைகளுக்குச் சட்டென்று வாய் வராது. தினமும் தங்கச்சியைக் கடிக்கிறவன் அவள் பெட்டியைத் தொடவே இல்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. இன்னொன்று, சீட்டுகளை அங்கேயே தமிழாக்கிச் சொன்னாரா என்று கேளுங்கள். ஒரு சொல் மாறினால் சீட்டு வேறு பெட்டிக்குப் போய்விடும்.

நெல்லைஅம்மா:
அவன் நடத்தையைப் பற்றி நானும் டீச்சரும் நிரப்பிய 25 கேள்விப் படிவம் (SDQ) போதாதா?

பழையகிளினிக்:
அது குட்மேன் 1997இல் வெளியிட்டது. கோபம், பயம், துறுதுறுப்பு, சிநேகிதர்கள், உதவும் குணம், அவ்வளவுதான். வீட்டில் யார் யாரோடு எப்படி என்று அது கேட்காது.

ஹெல்மெட்அப்பா:
என் மகளிடம் வீட்டில் எல்லோரும் ஏதாவது செய்வதுபோல் வரையச் சொன்னார்கள். மற்றவர்கள் தோசை சாப்பிடுகிறார்கள். நான் மட்டும் வாசலில் ஹெல்மெட்டோடு. எனக்கு ரிப்போர்ட் தேவைப்படவில்லை.

நெல்லைஅம்மா:
கேட்டேன். ஆங்கிலச் சீட்டைப் பார்த்து வாயால்தான் தமிழில் சொன்னாராம். சனிக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். நேற்று பஸ்ஸில் பையன் கேட்கிறான்: "அம்மா, அந்த யாருமில்லை ஆளு யார்கிட்டயும் சொல்ல மாட்டாருல்ல?"