'கொல்லித்தன்மை' வேண்டாம், 'கலப்பின மடிவு' என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

இரண்டு ரகங்களையோ இனங்களையோ கலந்து பிறக்கும் செடி வளராமல் செத்துப்போவதை ஆங்கிலத்தில் ஹைபிரிட் லெத்தாலிட்டி என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'கலப்பினக் கொல்லித்தன்மை', 'கலப்பின மரணம்' என்று இரண்டு சொற்கள் பரிந்துரையாக வந்திருக்கின்றன. பாடநூலில் 'கொல்லி ஜீன்' ஏற்கெனவே இருப்பதால் முதல் சொல்லுக்கு ஆதரவு அதிகம். எனக்கு அங்கேதான் தயக்கம்.

கொல்லி ஜீன் என்றால் அந்த ஜீனே உயிரைப் பறிக்கும். மஞ்சள் எலியில் அதன் இரண்டு பிரதிகள் சேர்ந்தால் கரு பிழைக்காது. பயிர்க் கலப்பில் அப்படி இல்லை. கோதுமையையே பாருங்கள். நெ1 என்ற ஓங்கு ஜீன் (ஒரு பிரதி இருந்தாலே வேலை செய்வது) 5பி குரோமோசோமில் இருக்கிறது, நெ2 இருப்பது 2பி-யில். இவற்றில் ஒன்றை மட்டும் சுமக்கும் ரகம் நன்றாக வளர்ந்து கதிர் தள்ளும். நெ1 உள்ள ரகத்தையும் நெ2 உள்ள ரகத்தையும் கலந்தால்தான் வினை. விதை ஒழுங்காக முளைக்கும், நாற்றும் பச்சையாக நிற்கும். அப்புறம் அடியிலை நுனியில் மஞ்சள் தட்டி, பழுத்து, காயும். மேலே புது இலை விரிய விரியக் கீழே இருப்பது ஒவ்வொன்றாகக் கருகும். இரு பக்கமும் வலுவான அல்லீல் (ஒரு ஜீனின் மாற்று வடிவம்) என்றால் கதிர் வெளிவரும் முன்பே செடி போய்விடும். வலுக்குறைந்தவை என்றால் கருகலோடு கொஞ்சம் மணியும் பிடிக்கும்.

நெ1, நெ2 இரண்டில் எதைக் கொல்லி என்பது? தனித்தனியே குற்றமற்ற இரண்டு ஜீன்கள் சந்திக்கும்போதுதான் கேடு வருகிறது என்பதை மரபியலாளர் பேட்சன் 1909-லேயே சொன்னார். பிறகு டோப்ஜான்ஸ்கியும் முல்லரும் அதை விரித்தார்கள். 'கொல்லித்தன்மை' என்று படிக்கும் மாணவர் ஒற்றை ஜீனைத் தேடிப் போவார்.

இன்னொன்றும் இருக்கிறது. நெ2 என்பது இலைத்துரு நோயைத் தடுக்கும் எல்ஆர்13 ஜீன்தான் என்று 2021-இல் தெரியவந்தது. துருவைத் தாங்கட்டும் என்று வளர்ப்பாளர்கள் அதைத் தேர்ந்து பல ரகங்களில் பரப்பினார்கள். கலப்புச் செடியில் பூஞ்சை எதுவும் இல்லாமலே அந்த எதிர்ப்பு விழித்துக்கொண்டு சொந்தத் திசுவையே சாகடிக்கிறது. தக்காளியிலும் இதே கதை: காட்டு இனத்திலிருந்து கொண்டுவந்த சிஎஃப்-2 என்ற எதிர்ப்பு ஜீன், பயிர்த் தக்காளியின் ஆர்சிஆர்3 ஜீனோடு ஒத்துப்போகாமல் இலையைக் கருக்கும். நோய் காக்கும் ஜீனுக்குக் கொல்லி என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

என் பரிந்துரை 'கலப்பின மடிவு'. பயிர் மடிந்தது என்பது நம் வழக்கில் உள்ளதுதான். வினையாகவும் நன்றாகப் புழங்கும்: மடியும் நாற்று, மடியாத கலப்பு. 'மரணம்' இப்படி வளையாது. சுவாவியோலென்ஸ் என்ற காட்டு நிக்கோட்டியானாவையும் (புகையிலையின் உறவு இனம்) புகையிலையையும் கலந்தால் வரும் நாற்று 28 டிகிரியில் மடியும், 36 டிகிரியில் வைத்தால் பிழைத்து நிற்கும். இந்த வாக்கியத்தை 'மரணம்' போட்டு எழுதிப் பாருங்கள், இடறும். பழைய இலக்கியத்தில் மடி என்றால் சோம்பல் ஆயிற்றே என்று யாராவது கேட்கலாம். முன்னால் 'கலப்பின' நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது. கலப்புச் செடி பெற்றோரைவிடச் செழிப்பதைக் குறிக்கும் 'கலப்பின வீரியம்' என்ற பழகிய சொல்லுக்கு எதிர்ச்சொல்லாகவும் பொருந்துகிறது.

கலப்புச் செடியின் இலைத் திசு கருகிச் சாவதற்கு, அதாவது ஹைபிரிட் நெக்ரோசிஸுக்கு, 'கலப்பினக் கருகல்' போதும். இலைக் கருகல் நோயோடு குழம்பும் என்ற கவலை நியாயம்தான், ஆனால் வயலில் பார்ப்பவருக்கும் அது நோய் மாதிரியேதான் தெரிகிறது. சாகாமல் குட்டையாகிச் சோர்ந்து நிற்பதை 'கலப்பின நலிவு' எனலாம். பெரு நாட்டு 'ஜமைக்கா' நெல்லை ஜப்போனிகா என்ற நெல் வகையின் ரகங்களோடு கலக்கும்போது வருவது அதுதான்.

முதல் தலைமுறை செழித்து, இரண்டாம் தலைமுறையில் நொடிப்பதற்கு இன்னும் சொல் அமையவில்லை. 'கலப்பினச் சிதைவு' என்று எழுதிப் பார்த்தேன். திசு சிதைவதாகப் பொருள் தொனிக்கிறது. 'பின்தலைமுறை நலிவு' சரியாக வருமா? நெல் கலப்பில் வேலை செய்பவர்கள் சொல்லுங்கள்.