ரூட் பகிர்வில் காணாமல் போன 15 ஜிபி: வழிகாட்டுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். லினக்ஸ் மின்ட் இயங்கும் என் மடிக்கணினியில் 40 ஜிபி ரூட் பகிர்வு (இயங்குதளம் இருக்கும் வட்டுப் பகுதி) முழுவதும் நிரம்பிவிட்டதாக 'டிஎஃப்' கட்டளை காட்டுகிறது. ஆனால் அதே பகிர்வை 'டியூ' கட்டளையால் சூடோ (நிர்வாகி) உரிமையுடன் அளந்தால் 23 ஜிபிக்கு மேல் கணக்கு வரவில்லை. இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை வழக்கமாக ஒதுக்கி வைக்கும் 5 சதவீதத்தைக் கழித்தாலும் 15 ஜிபி எங்கே போனதென்று புரியவில்லை.

மென்பொருள் நிறுவும் ஆப்ட் கருவியின் தற்காலிகக் கோப்புகளை நீக்கினேன். கணினி நிகழ்வுகளைக் குறித்து வைக்கும் ஜர்னல் பதிவுகளை 200 எம்பியாகக் குறைத்தேன். அழித்த கோப்பை ஏதேனும் நிரல் இன்னும் திறந்து வைத்திருக்கலாம் என்று எண்ணி மறுதொடக்கமும் செய்தேன், பலனில்லை.

எனக்குள்ள வலுவான ஐயம் இதுதான்: வெளி வன்தட்டை இணைக்க மறந்த ஓர் இரவில், தானாக இயங்கும் ஆர்சிங்க் (கோப்புகளை நகலெடுக்கும் நிரல்) காப்புப்பிரதி, வன்தட்டு வழக்கமாக இணையும் வெறும் கோப்புறைக்குள்ளேயே எழுதியிருக்க வேண்டும்; பிறகு வன்தட்டை அதே இடத்தில் மவுண்ட் செய்ததும் (இணைத்ததும்) அந்தக் கோப்புகள் அடியில் மறைந்திருக்கும்.

ரூட் பகிர்வை வேறொரு கோப்புறையில் பைண்ட் மவுண்ட் செய்து (அதாவது அதே பகிர்வை அங்கும் தெரியவைத்து) மறைந்த கோப்புகளை அங்கிருந்தே அழிப்பது பாதுகாப்பானதா? உண்மையான காப்புப்பிரதியில் என் பிள்ளைகளின் புகைப்படங்கள் உள்ளதால் தவறான இடத்தில் அழித்துவிட அஞ்சுகிறேன். வன்தட்டு இணைக்கப்படாதபோது காப்புப்பிரதி ஸ்கிரிப்ட் தானாக நின்றுவிட, கோப்புறையில் வட்டு இணைந்துள்ளதா என்று சொல்லும் 'மவுண்ட்பாயின்ட்' கட்டளைச் சோதனை மட்டும் போதுமா என்பதையும், செய்து பார்த்தவர்கள் தெரிவித்தால் மிக்க நன்றியுடையவனாவேன்.