யமுனை நுரைக் கேள்விக்கு விடை ஆ-வா, ஈ-யா?

கரோல்பாக்காரன்:
ஐ.ஏ.எஸ். பிரிலிம்ஸ் (முதல்நிலைத் தேர்வு) இரண்டாம் தாளான சிசாட்டுக்கு நேற்று போட்ட பயிற்சிக் கேள்விக்கு ஒருவர் ஈ என்று விடை போட்டு, "உலகம் தெரிந்தவனுக்குத்தான் பத்தி புரியும்" என்று உபதேசமும் செய்திருக்கிறார். எரிச்சலாக இருக்கிறது. பிள்ளைகள் இதை நம்பிப் பரீட்சைக்குப் போனால் என்ன ஆவது?

பத்தி இதுதான்: "ஓக்லா தடுப்பணைக்குக் கீழே யமுனையில் நுரை திரள்கிறது. சுத்திகரிக்கப்படாத கழிவுநீரோடு வரும் சோப்புப் பொருட்கள் ஆற்றில் கலக்கின்றன. மதகிலிருந்து நீர் விழும்போது அது நுரைக்கிறது. நீர்வரத்து குறையும் மாதங்களில் நுரை கூடுகிறது."

மிகப் பொருத்தமான முடிவு எது?
அ) தொழிற்சாலைகளை மூடினால் நுரை நிற்கும்.
ஆ) கழிவுநீரைச் சுத்திகரிக்காத வரை நுரைக்கான பொருள் ஆற்றில் சேர்ந்துகொண்டே இருக்கும்.
இ) மதகை எடுத்துவிட்டால் ஆறு சுத்தமாகும்.
ஈ) நுரையில் இறங்குவது உடலுக்குக் கேடு.

விடை ஆ. ஈ-யில் வரும் உடல் பத்தியில் எங்கே இருக்கிறது?

யமுனைக்கரை:
அந்த ஒருவர் நான்தான். நேராகவே திட்டலாம். டெல்லியில் ஓக்லாவை ஒட்டிய காளிந்தி குஞ்சில், சூரியனை வழிபடும் சத் பூஜைக்குப் பெண்கள் இடுப்பளவு நுரையில் நிற்பதை வருடா வருடம் பார்க்கிறேன். கழிவுநீர் என்று பத்தியிலேயே இருக்கிறது. கழிவுநீர் என்றால் கேடு இல்லையா? இதற்குத் தனியாக ஒரு வரி எழுதித் தரவேண்டுமா?

கரோல்பாக்காரன்:
ஆமாம், எழுதித் தரவேண்டும். சிசாட் தாளில் பத்திகளுக்கு மேலேயே அச்சடித்திருக்கிறார்கள்: விடைகள் பத்தியை மட்டுமே அடிப்படையாகக் கொண்டிருக்க வேண்டும் என்று. நீங்கள் பார்த்தது உண்மை. ஈ-யில் சொன்னதும் உலகத்தில் உண்மை. ஆனால் தேர்வில் கேட்பது, இந்த நாலு வரியிலிருந்து எது வருகிறது என்பதை. ஆ-வுக்கு வெளியிலிருந்து எதுவும் கொண்டுவர வேண்டாம். ஈ-க்கு மருத்துவ அறிவு வேண்டும். அந்த அறிவு உங்களிடம் இருக்கிறது, பத்தியில் இல்லை.

முனிர்க்கா தம்பி:
அண்ணா, நானும் ஈ-தான் போட்டேன். ஆ பத்தியையே திருப்பிச் சொல்கிற மாதிரி இருந்தது. முடிவு என்றால் ஒரு படி தாண்ட வேண்டாமா?

கரோல்பாக்காரன்:
ஒரு படி தாண்டலாம் தம்பி, ஓக்லாவிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் தாண்டக் கூடாது. பத்தி இன்று நடப்பதைச் சொல்கிறது. சுத்திகரிக்காவிட்டால் இனியும் இது தொடரும் என்று ஆ சொல்கிறது. அதுதான் அந்தப் படி. சரியான விடை சப்பென்று இருக்கும், அதைப் பார்த்துப் பயப்படாதே. மனசுக்குப் பிடித்த ஆப்ஷன்தான் பெரும்பாலும் பொறி. சரியானால் 2.5, தப்பானால் 0.83 கழியும். ஒரு ஈ-யால் 3.33 வித்தியாசம்.

யமுனைக்கரை:
கழிவுநீர் என்று இருக்கிறது. அதற்கு இன்னும் பதில் வரவில்லை. மார்க் கணக்கு எனக்கும் தெரியும். 200-க்கு 66 எடுத்தால் போதும், 2015 முதல் அது தகுதித் தாள்தான். இவ்வளவு அலட்டல் எதற்கு?

கரோல்பாக்காரன்:
"போதும்" என்று நினைத்தவர்கள்தான் அதில் விழுகிறார்கள். முதல் தாளில் எவ்வளவு வாங்கினாலும் இதில் 66 வராவிட்டால் வீட்டுக்குத்தான். டெல்லியில் பயிற்சி மையங்கள் நிறைந்த பழைய ராஜிந்தர் நகரில் அறை எடுத்துப் படிக்கிற நம் ஊர்ப் பிள்ளைகளைக் கேளுங்கள்.

மயூர் விகார் அம்மா:
பத்தி இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் வருவதைப் பற்றி யாராவது பேசுங்கள். என் பையன் மதுரையில் தமிழ் வழியில் படித்தவன். ஆவா ஈயா என்று யோசிப்பதற்கு முன்னால் பத்தியைப் படித்து முடிக்கவே நேரம் போய்விடுகிறது. 2 மணி நேரத்தில் 80 கேள்வி. 2014-ல் டெல்லி முகர்ஜி நகரில் இந்திக்காரப் பிள்ளைகள் இந்தச் சிசாட்டை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். நாம் இங்கே நுரையைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

யமுனைக்கரை:
நன்றாகச் சொன்னீர்கள் அம்மா. இதைப் பேசலாம் என்று பொங்கல் கூட்டத்தில் நான் எழுந்தபோது என் மைக்கை வாங்கியது யார் என்று கரோல்பாக்காரரைக் கேளுங்கள்.

கரோல்பாக்காரன்:
அன்றைக்கு நீங்கள் பேசியது ஆட்டோ ஸ்டாண்டைப் பற்றி. அம்மா சொல்வது நியாயம், அதற்குத் தனி இழை போடுங்கள், முதல் ஆளாக எழுதுகிறேன். ஆனால் மொழி எதுவானாலும் முறை ஒன்றுதான். ஒவ்வொரு ஆப்ஷனையும் எடுத்து, இதற்குப் பத்தியில் எந்த வரி சாட்சி என்று விரல் வைக்க வேண்டும். அ-வுக்கு வரி இல்லை, தொழிற்சாலை என்ற பேச்சே இல்லை. இ-க்கு அரை வரி: மதகு நுரைக்கு ஒரு காரணம், ஆற்று அழுக்குக்குக் காரணம் இல்லை. ஈ-க்கு வரி இல்லை. ஆ-வுக்கு இரண்டாம் வரி முழுசாக இருக்கிறது.

யமுனைக்கரை:
அதே இரண்டாம் வரியில்தான் கழிவுநீரும் இருக்கிறது!

முனிர்க்கா தம்பி:
அண்ணா, நீங்கள் பிரிலிம்ஸ் தாண்டியிருக்கிறீர்களா?

கரோல்பாக்காரன்:
தாண்டியவன் சொன்னால்தான் சரி, மற்றவன் சொன்னால் தப்பா? இதுவும் பத்திக்கு வெளியே போய் விடை தேடுகிற புத்திதான்.

யமுனைக்கரை:
கேட்டதற்குப் பதில் இல்லை, பார்த்துக்கொள் தம்பி. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் நான் ஈ என்றுதான் சொல்லிக்கொடுப்பேன்.

கரோல்பாக்காரன்:
அன்றைக்கு நானும் வருகிறேன். பிள்ளைகள் முன்னால் அந்த வரியைக் காட்டுங்கள்.