பழைய படமாளிகையை இடிப்பதா, வேறு பயனுக்குக் கொண்டுவருவதா?

ஓமந்தை வாசகன்:
வணக்கம். வன்னியில் எங்கள் ஊர்ச் சந்தைக்கு அருகில் உள்ள பழைய படமாளிகை நெல் களஞ்சியமாகவும், இடம்பெயர்ந்தோர் தங்கும் கூடமாகவும், பின்னர் தளபாடக் கடையாகவும் இருந்து, இப்போது பூட்டிக் கிடக்கிறது. உரிமையாளரின் பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பதால் விற்க எண்ணுகிறார்கள்; வாங்க வருபவர்களோ அதை இடித்துக் கடைத்தொகுதி கட்டவே விரும்புகிறார்கள். காக்க வேண்டும் என்று வாசிகசாலையில் சிலர் பேசுகிறோம். காத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டால் எங்களிடம் பதில் இல்லை. மற்ற நகரங்களில் இத்தகைய கட்டடங்கள் என்னவாயின? தொல்லியல் சட்டம் உதவுமா?

ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர்:
சட்டத்தை நம்ப வேண்டாம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட கட்டடங்களையே தன்னியல்பாகக் காக்கிறது. உங்கள் விடயம் உரிமையாளரின் விருப்பத்திலும் உள்ளூராட்சி சபையின் கட்டட அனுமதியிலுமே தங்கியிருக்கிறது.

கட்டடத்தைப் பற்றிச் சொல்வதானால், நடுவே தூணில்லாத அகன்ற கூரையும் யன்னலில்லாத உயர்ந்த சுவர்களும் களஞ்சியக்காரருக்கும் கடைக்காரருக்கும் வசதியானவை. திரையை நோக்கிச் சரியும் தரைதான் எல்லோருக்கும் இடையூறு. எனவே புதிதாக வருபவர் முதலில் மண் கொட்டி, கொங்கிறீற் போட்டுத் தரையை மட்டமாக்கிவிடுவார். அதன் பின்னர் அதை மீண்டும் அரங்காக்குவதற்குச் செலவு தாங்காது. மட்டமான தரை தேவையென்றால் மரச் சட்டங்களின் மேல் பலகைத் தளம் அமையுங்கள், வேண்டியபோது கழற்றலாம். கூரை அஸ்பெஸ்ரஸ் தகடாக இருந்தால் உடைக்காமலும் துளையிடாமலும், நனைத்து, முழுத் தகடாகவே இறக்க வேண்டும், ஏனெனில் அதன் தூசு நுரையீரலுக்குப் பெருங்கேடு. பழைய படமாளிகைகளில் படம் ஓட்டும் அறையின் சுவர் தடிப்பாக இருப்பதற்குக் காரணம், எளிதில் தீப்பற்றிய நைற்றேற் படச்சுருள்களின் காலத்தில் தொடங்கிய வழக்கமாகும். வாசிகசாலையின் பழைய பத்திரிகைகளை வைக்க அதைவிட நல்ல அறை கிடைக்காது.

ரொறன்ரோவிலிருந்து ஒருவர்:
இங்கு எல்ஜின், வின்ரர் கார்டன் என்று ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அரங்குகள் உள்ளன. 1913இன் இறுதியிலும் 1914இன் தொடக்கத்திலும் திறக்கப்பட்டவை. மேலரங்கு 1928இல் மூடப்பட்டு, பல பத்தாண்டுகள் பூட்டியே கிடந்தது. கீழரங்கு சினிமாக் கொட்டகையாகத் தொடர்ந்து பணம் ஈட்டியதால் எவரும் கட்டடத்தை இடிக்க முற்படவில்லை என்பது என் கணிப்பு; மேலே பழைய மேடைத் திரைச்சீலைகள்கூட அப்படியே எஞ்சியிருந்தன. 1981இல் ஒன்ராறியோ மரபுரிமை நிறுவனம் இரண்டையும் வாங்கிப் புதுப்பித்து 1989இல் திறந்தது. (மேலரங்குச் சுவரோவியங்களைப் பாண் மாவால் ஒற்றித் துடைத்தே சுத்தப்படுத்தினார்கள்.) டிட்ரோயிட்டின் மிச்சிகன் அரங்கு 1926இல் திறக்கப்பட்டது, இடித்தால் ஒட்டியுள்ள அலுவலகக் கட்டடம் பாதிக்கப்படும் என்பதால் அது வாகனத் தரிப்பிடமாக்கப்பட்டு, சுதை வேலைப்பாடுள்ள கூரைக்குக் கீழே இன்று கார்கள் நிற்கின்றன. புவெனஸ் அயர்ஸில் 1919ஆம் ஆண்டின் அரங்கொன்று 2000இல் புத்தகக் கடையாயிற்று. பல்கனியும் மேடையும் குலையாமல் இருக்கின்றன. உங்கள் ஊருக்கு நான் எடுத்துக்கொள்ளும் பாடம் முதலாவதுதான்: ஒரு பகுதி உழைத்தால் மறுபகுதி பிழைக்கும். நம்மூர்ப் படமாளிகைகளின் முன்னால் சைக்கிள் விட்ட வளவு பெரிதாக இருக்குமே? கடைகளை வீதியோரமாக அங்கே கட்டி, மண்டபத்தை விட்டுவிடலாம்.

வரலாற்று ஆசிரியர், கிளிநொச்சி:
சைக்கிள் வளவு பற்றிய யோசனையை ஏற்கிறேன். ஆனால் அமெரிக்காவில் மக்கள் நகரின் நடுவை விட்டுப் புறநகருக்குக் குடிபோனதும் தொலைக்காட்சியும் அரங்குகளைக் காலியாக்கின. நமது கதை வேறு. 1970களில் படங்களின் இறக்குமதியும் விநியோகமும் அரச திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் கைக்குப் போயின. 1977இன் பின் திறந்த பொருளாதாரத்தோடு தொலைக்காட்சியும் வீடியோ டெக்கும் வந்தன. 1990இலிருந்து போரின்போது வன்னிக்கு மின்சாரமும் இருக்கவில்லை, எரிபொருளுக்கும் தடை இருந்தது. கலரியில் அமர்ந்து படம் பார்த்த சனம் ஜெனரேற்றர் வைத்து டெக்கில் ஓட்டிய படங்களை முற்றத்தில் இருந்து பார்த்தது. எனவே இங்கு மூடப்பட்ட படமாளிகை இரசனை மாறியதற்குச் சான்றாகாது. யாழ்ப்பாணத்தில் சிறீதர் தியேட்டர் ஓர் அரசியல் கட்சியின் அலுவலகமானதையும் அந்தக் காலத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

இருந்தாலும், பெரிய ஒற்றைத் திரையை மீண்டும் ஓட்டி இலாபம் காணலாம் என்று உரிமையாளருக்கு ஆசை காட்டாதீர்கள். உயர்தரப் பரீட்சைக் கருத்தரங்கு, பாடசாலை நாடகப் போட்டி, இடைக்கிடை படக்காட்சி என்று கலந்து நடத்தக்கூடிய மண்டபமாகக் கணக்குப் போடுங்கள். கூத்துக்கான மேடை என்று இதைக் காட்டிச் சிலர் உதவி கேட்பார்கள். ஆனால் முல்லைத்தீவுக் கோவலன் கூத்து வட்டக்களரியில், அதாவது வட்டமான திறந்த ஆடுகளத்தில், ஆடப்படுவது, அதை அங்கேயே விடுவது நல்லது. திருமண மண்டபமாக்கும் திட்டம் வந்தால், சரிவுத் தரையைத் தொடக்கூடாது என்பதைக் குத்தகை உறுதியிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

ஓமந்தை வாசகன்:
மூவருக்கும் நன்றி. விற்பனைக்குப் பதிலாக நீண்டகாலக் குத்தகை கேட்டு உரிமையாளரின் மூத்த மகளுக்கு எழுதப் போகிறோம். தளபாடக் கடை இருந்த காலத்தில் தரையின் முன்பாதி மட்டும் நிரப்பப்பட்டிருக்கிறது. அதை உடைத்து எடுக்கலாமா, ஐயா?

ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர்:
நிரப்பிய மண்ணுக்கும் பழைய தரைக்கும் இடையே பொலித்தீன் விரித்திருந்தால் எளிது. ஒரு மூலையில் இரண்டடிச் சதுரம் வெட்டிப் பார்த்துவிட்டுப் படம் அனுப்புங்கள்.