பொருள்: குழந்தை மருந்தில் ‘எக்ஸிபியன்ட்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். குழந்தைகளுக்கான சிரப்புகளைப் பற்றிப் பெற்றோருக்கு விளக்கும் சிறு கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அது அச்சுக்குப் போக வேண்டும். சிரப்பில் உள்ள இனிப்பு, நிறம், மணம், கெடாமல் காக்கும் பொருள், மருந்தைக் கரைத்து வைத்திருக்கும் திரவம் ஆகிய அனைத்தையும் ஆங்கில மூலம் ‘எக்ஸிபியன்ட்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. இப்போதைக்கு அதைத் ‘துணைப்பொருள்’ என்றும், இனிப்புக்காகச் சேர்ப்பதை ‘இனிப்பூட்டி’ என்றும் எழுதி வைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்பு வரை படித்த ஒரு தாய்க்கு விளங்க வேண்டும் என்பதே எனக்கு இடப்பட்ட ஒரே நிபந்தனை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

அம்மையீர், இச்சொல்லின் இலத்தீன் வேர் ‘எடுத்துக்கொள்ளுதல், ஏற்றல்’ என்னும் பொருளது. மருந்தைத் தன்னிடத்தே ஏற்று வைத்துக்கொள்வதால் அப்பெயர். ஏற்றலுக்கும் தாங்குதலுக்கும் நம்மிடம் ‘ஏந்து’ என்னும் அழகிய வினை இருக்கும்போது துணையைத் தேடுவானேன்? ‘ஏந்தி’ என்க. அரசனை ‘ஏந்தல்’ என்றதும் அவன் குடிகளைத் தாங்கியதனால்தான் என்பது என் நெடுநாள் எண்ணம்.

‘இனிப்பூட்டி’யும் எனக்கு உடன்பாடன்று. பாலூட்டி என்றால் பாலை ஊட்டும் உயிர். அந்தக் கணக்கில் இனிப்பூட்டி என்பது மருமகளுக்குத் தெரியாமல் பேரனுக்கு மிட்டாய் கொடுக்கும் என் போன்ற கிழவனையே குறிக்கும். நிறம் தருவது நிறமி எனில் இனிமை தருவது ‘இனிப்பி’. சர்க்கரை என்று எழுதவும் வேண்டாம். ‘நூறு தடா நிறைந்த அக்கார அடிசில்’ என்று ஆண்டாள் பாடிய அக்காரம் நம் கையில் இருக்கிறது.

குழந்தை மருத்துவர் எழுதியது:

ஐயா பொறுத்தருள வேண்டும். ‘ஏந்தி’ என்று அச்சிட்டால் என் புறநோயாளர் பிரிவில் அதை ‘ஏந்திழை’ என்று படித்துவிட்டு, யார் அந்தப் பெண் என்று கேட்பார்கள். அக்காரமும் சர்க்கரையும் ஒரே வடமொழி வேரில் பிறந்த அண்ணன் தம்பிகள் என்பதால், தம்பியை விலக்கி அண்ணனை அழைப்பதில் தூய்மை எதுவும் கூடிவிடாது.

எனக்குள்ள மறுப்பெல்லாம் ‘துணை’ என்பதன் மீதுதான். 5 மி.லி. பாராசிட்டமால் சிரப்பில் மருந்து 125 மி.கி. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரும் சர்க்கரையும் சாயமும் மணமுமே எஞ்சியவை. துணைக்கு வந்தவர்களே வீட்டை நிறைத்திருக்கிறார்கள். இவற்றால் எந்த விளைவும் இல்லை என்றால் துணை என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் சர்பிட்டால் என்னும் இனிப்பூட்டி மிகுந்தால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு ஏற்படுகிறது. அஸ்பார்ட்டேம் என்னும் இனிப்பூட்டி உடலில் பிரிந்து ஃபீனைல் அலனின் என்னும் அமினோ அமிலத்தைத் தருவதால், அதைச் சிதைக்க இயலாத பிறவி நோயாகிய ஃபீனைல் கீட்டோனூரியா உள்ள குழந்தைக்கு அது ஆகாது. வலிப்புக்காக, மாவுச்சத்தை மிகக் குறைத்த கீட்டோ உணவில் இருக்கும் குழந்தைக்குச் சிரப்பில் உள்ள சர்க்கரையையும் அன்றாட மாவுச்சத்துக் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கிறது. கெடாமல் காக்கச் சேர்த்த பென்சைல் ஆல்கஹாலால் குறைமாதக் குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்ததை 1982-இல் அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். 1937-இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு மருந்தைக் குடித்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்ததற்கும், 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததற்கும் காரணம் மருந்து அன்று, மருந்தோடு இருந்தது. ‘துணை’ என்னும் சொல் அந்தத் தாயிடம் கவலைப்படாதே என்கிறது. நாம் அப்படிச் சொல்லலாமா?

மருந்தாளுநர் எழுதியது:

மருத்துவர் கூறியதில் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. 1937-இல் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுத் திரவத்தைக் கரைப்பானாகத் தெரிந்தே தேர்ந்தெடுத்து, ராஸ்பெர்ரி மணமும் ஊட்டி விற்றார்கள். நஞ்சா என்று சோதித்துப் பார்க்கவில்லை. மறு ஆண்டே அமெரிக்கா புதிய மருந்துச் சட்டம் இயற்றியது. ஆகவே அங்கே அது நாம் பெயர் தேடும் பொருளேதான். 1986-இல் மும்பையில் கிளிசரினிலும், 2025-இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான சிரப்பிலும் அது இருக்கவே கூடாத மாசாக நுழைந்தது, பின்னதில் 48.6 விழுக்காடு இருந்ததாகத் தமிழ்நாட்டு ஆய்வகம் கண்டறிந்தது. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், முறைப்படி சேர்த்த சர்க்கரையும் நஞ்சும் ஒன்றாகிவிடும். இக்காரணம் பற்றியே ‘கலப்புப்பொருள்’ என்று யாரேனும் முன்மொழிந்தால் இப்போதே மறுத்துவிடுகிறேன். கலப்பு என்றதும் நம் மக்கள் காதில் கலப்படம் என்றே விழும்.

சித்த மருத்துவர் எழுதியது:

துணைப்பொருள் வேண்டாம் என்பதற்கு என்னிடம் வேறொரு காரணம் உண்டு. எங்கள் மரபில் மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும் தேன், நெய், தாய்ப்பால், இஞ்சிச்சாறு முதலியவற்றை அனுபானம் என்றும் துணைமருந்து என்றும் சொல்வது வழக்கம். அது கொடுக்கும் வேளையில் சேர்ப்பது. நீங்கள் சொல்வது செய்யும்போதே சேர்ப்பது. இரண்டும் குழம்பினால், ஓராண்டு நிறையாத குழந்தைக்கும் சிரப்பில் தேன் குழைத்துக் கொடுப்பார்கள். அந்த வயதில் தேன் கூடாது என்பதை மருத்துவரும் ஒப்புவார்.

சிரப் என்பதற்கே மணப்பாகு என்ற சொல் இருக்கிறது. ஆடாதோடை மணப்பாகை அறியாதவர் குறைவு. அதில் சர்க்கரை இனிப்புக்காக மட்டும் சேரவில்லை. பாகு கெட்டியாக இருக்கும்வரை அதில் கிருமி வளராது. சர்க்கரையை எடுத்துவிட்டால் பாரபென் போன்ற, கெடாமல் காக்கும் பொருள்களைச் சேர்த்தாக வேண்டும். எனவே அதை வெறும் இனிப்பூட்டி என்பது அதன் பாதி வேலையை மறைப்பதாகும். எங்கள் செய்முறைகளில் வழங்கும் ‘சேர்மானம்’ என்பதையே எடுத்துக்கொள்ளலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் உறுப்பினர் எழுதியது:

சேர்மானம் நல்ல சொல். ஆயினும் பள்ளிப் பிள்ளைகள் வேதியியலில் ‘சேர்மம்’ படிக்கிறார்கள், குழம்புவார்கள். நான் எழுத வந்தது ‘சர்க்கரை’யைப் பற்றி. எங்கள் பக்கம் வெள்ளையாக இருப்பது சீனி. சர்க்கரை என்றால் பழுப்பு நிறத்தது. நெல்லைப் பக்கமும் சீனி என்றே சொல்வதாக அறிகிறேன். ‘சர்க்கரை இல்லாத மருந்து’ என்று நீங்கள் அச்சிட்டால், தமிழ்நாட்டில் பலர் அதைச் சர்க்கரை நோயாளிக்கான மருந்து என்றும், நாங்கள் சீனி போட்ட மருந்து என்றும் விளங்கிக்கொள்வோம். இரண்டும் பிழை. மேலும், சுக்ரலோஸ் என்னும் செயற்கை இனிப்பூட்டி சீனியைப் போல் ஏறத்தாழ 600 மடங்கு இனிப்பது. சீனி இல்லை என்பதனால் பிள்ளைக்கு இனிப்புப் பழக்கம் இல்லை என்றாகிவிடுமா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் மீண்டும் எழுதியது:

பழுப்போ வெள்ளையோ, கரும்பே வந்ததுதான். ‘அரும்பெறல் மரபின் கரும்பு இவண் தந்தும்’ என்று அதியமான் முன்னோரை ஔவை புறநானூற்றில் பாடுகிறார். பொருள் வரும்போது சொல்லும் வரும். வடசொல்லை வடவெழுத்து நீக்கி எடுத்துக்கொள்ளத் தொல்காப்பியரே வழி வைத்திருக்கிறார். ஆகவே சர்க்கரையை விட்டுவிடுகிறேன், ஏந்தியை விடமாட்டேன்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

இன்று வியாழன் இரவு. ‘சேர்பொருள்’ என்று முடிவு செய்திருக்கிறேன்; ஐவர் தனிமடலில் ஒப்புதல் தந்தார்கள், அவர்களில் இருவர் களைத்துப்போய்த் தந்தார்கள் என்பது தெரிகிறது. நஞ்சாக நுழைவதற்கு ‘மாசு’. இனிப்பூட்டி அப்படியே இருக்கும். சர்க்கரை வரும் முதல் இடத்தில் ‘சர்க்கரை அல்லது சீனி’ என்று எழுதியிருக்கிறேன். அச்சகத்தார் ‘சேர்ப்பொருள்’ என்று ஒற்று இட்டுவிட்டார்கள். ஊறுகாய்க்கு மிகாததுபோல் வினைத்தொகையாகிய இதற்கும் மிகாது என்று சொல்லித் திருத்தச் செய்தேன்.

குழந்தை மருத்துவர் எழுதியது:

கையேட்டை அனுப்புங்கள், நாளையே என் மேசையில் வைக்கிறேன். ஆயினும் என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஊறுகாயில் காய் தானே ஊறுகிறது. சேர்பொருள் தானே சேர்வதில்லை. ஒருவர் அளந்து சேர்க்கிறார், அதற்கு அவர் பொறுப்பாளி. தன்வினையாகச் சொன்னால் அவர் மறைந்துவிடுகிறார். அடுத்த பதிப்பில் ‘சேர்க்கைப்பொருள்’ என்று மாற்ற இயலுமா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

மருத்துவர் இலக்கணம் சரியாகவே பேசுகிறார். ‘ஏந்தி’யில் இந்தச் சிக்கல் எழாது என்பதையும் பதிவு செய்துகொள்க.