உப்பு பூக்கும் மதிலில் சதுப்புநில ஓவியம்: எப்படித் தயார் செய்வது?

கேள்வி: சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், ஏறும் கடல்மட்டம் பற்றி 40 அடி மதிலில் வரையப் போகிறோம். தெற்குப் பார்த்த புதுப் பூச்சு. அடியில் ஓரடிக்கு வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. நேரே பிரைமர் (நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடிக்கலாமா?

பதில் 1: வேண்டாம். உப்பைத் தண்ணீரால் கழுவினால் கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். சிமென்ட் பூச்சு 28 நாளாவது ஆறட்டும், இல்லையென்றால் சிமென்ட்டின் காரத்தன்மை நிறத்தைத் தின்றுவிடும். பிளாஸ்டிக் தாள் ஒன்றை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்ளே நீர் முத்துக் கட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது. காய்ந்தபின் காரத்தன்மை தாங்கும் பிரைமர் ஒரு கோட், வெளிச்சுவர் அக்ரிலிக் எமல்ஷன் இரண்டு கோட்.

பதில் 2: அடி ஓரடியில் ஈரம் மண்ணிலிருந்து ஏறுகிறது. மதிலோரம் குவிந்த மண்ணை அள்ளிவிட்டு, அங்கே வெறும் சுண்ணாம்பு மட்டும் பூசுங்கள். எனாமல் (எண்ணெய் பெயின்ட்) அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்புளித்து உரியும்.

பதில் 3: தெற்கு வெயிலில் பளிச் சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் வெளுக்கும். சதுப்புநிலப் பறவையான நீலத் தாழைக்கோழியை வரைந்தால், அதன் சிவப்பு அலகுக்குக் காவி போன்ற இரும்பு ஆக்சைடு நிறம் நிற்கும். பளபளப்பு குறைவுதான், ஆனால் பல மழை தாங்கும். சுவர் சூடேறும் முன் காலையிலேயே வேலையை முடியுங்கள்.