பிபி மாத்திரை மலிவு, பிறகு ஏன் இந்த ஏற்றத்தாழ்வு?

கேள்வி: தென்கொரியா, கனடாவில் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் பாதிப் பேருக்கு மேல் அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருக்கிறார்கள். சஹாராவுக்குத் தெற்கே சில நாடுகளில் பத்தில் ஒருவர்கூட இல்லை. பிபிக்குக் கொடுக்கும் அம்லோடிபைன் மாத்திரை மலிவுதானே?

பதில் 1: விலை மட்டுமல்ல, வந்துபோகும் செலவும் இருக்கிறது. ஒரு வாரத்துக்கே மாத்திரை கொடுத்தால், அடுத்த வாரம் கூலியும் பஸ் காசும் போகும். உடம்பில் தொந்தரவு தெரியாததால் நிறுத்திவிடுகிறார்கள். அழுத்தம் சீரானவர்களுக்கு 90 நாள் மாத்திரை சேர்த்துக் கொடுங்கள், பாதிப் பிரச்சினை தீரும்.

பதில் 2: அளப்பதிலும் கோளாறு. தடித்த கையில் பிபி கருவியின் சிறிய பட்டையைச் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும். 5 நிமிடம் உட்காரவைத்து, கையை நெஞ்சு மட்டத்தில் தாங்கி அளக்க வேண்டும்.

பதில் 3: பலருக்கு ஒரு மருந்து போதாது. இரண்டு மருந்து சேர்ந்த ஒற்றை மாத்திரை 2019-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏறிவிட்டது. அந்தந்த நாட்டுக் கொள்முதல் பட்டியலில் ஏறாதவரை கிராமத்து கிளினிக்குக்கு வராது.